மூன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய கொரோலாவும் வீட்டு முற்றத்துப் பராமரிப்பும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவில் இருபது வயதைத் தாண்டிய வண்டிகளுக்குக் குறைவில்லை. என்னுடையது 2000-ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா. டர்பனுக்குத் தெற்கே உள்ள ப்ரோஸ்பெக்டன் தொழிற்சாலையில் உருவானது, 1.6 லிட்டர் 4ஏ-எஃப்இ எஞ்சின். மீட்டர் மூன்றரை லட்சத்தைத் தாண்டிய பிறகும் தினமும் வேலைக்குப் போய்வருகிறேன். பராமரிப்பில் பெரும்பகுதி வீட்டு முற்றத்திலேயே நடக்கிறது. இத்தனை ஆண்டுகளில் எஞ்சினின் இரும்பு எனக்குத் தொல்லை தந்ததே இல்லை. வந்த கோளாறெல்லாம் வயதான ரப்பராலும், மாற்றாமல் விட்ட திரவங்களாலும் வந்தவைதான்.

ஒரு கட்டத்தில் மேடு ஏறும்போது எஞ்சின் இடறத் தொடங்கியது. பட்டறை ஒன்றில் காட்டினேன். ஸ்பார்க் பிளக் உட்காரும் குழிகளில் ஆயில் தேங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, பிஸ்டனைச் சுற்றி ஆயில் மேலே ஏறாமல் தடுக்கும் பிஸ்டன் ரிங் போய்விட்டது, எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. நீலப்புகை வரவில்லை, ஆயிலும் பெரிதாகக் குறையவில்லை. ரிங் தேய்ந்திருந்தால் பிளக்கின் எரியும் முனையில் ஆயில் கரி படிந்திருக்கும். என் பிளக்குகளின் முனையோ காய்ந்து பழுப்பாக இருந்தது. ஆயில் இருந்ததெல்லாம் மேலே, வெள்ளைப் பீங்கானைச் சுற்றித்தான். அப்படியென்றால் அது எஞ்சினின் உச்சியில் உள்ள வால்வு மூடியிலிருந்து இறங்குகிற ஆயில். பிளக் குழாய்களைச் சுற்றியுள்ள ரப்பர் வளையங்கள் ஆண்டுக்கணக்கில் சூடுபட்டு இறுகிவிடுகின்றன. இந்த வகை எஞ்சினில் இது அடிக்கடி நடப்பது.

மூடியைக் கழற்றிப் பழைய வளையத்தை விரலால் வளைத்தேன். அப்பளம் போல நொறுங்கியது. மூடியின் விளிம்பில் கசிவை அடைக்கும் புது கேஸ்கெட், புது வளையங்கள், மூலைகளில் சிறிது சிலிகான் பசை, ஒரு சனிக்கிழமை காலைப்பொழுது, அவ்வளவுதான் செலவு. இதைச் செய்கிறவர்கள் பிளக்கைக் கழற்றுவதற்கு முன்பே குழியில் உள்ள ஆயிலைத் துணியால் ஒற்றியெடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அது சிலிண்டருக்குள் இறங்கிவிடும். பிளக் வயர்களின் ரப்பர் முனைகளும் ஆயிலில் ஊறிப்போயிருக்கும். அவற்றையும் மாற்றினால்தான் இடறல் முழுவதும் நிற்கும். பிளக்கை முதலில் கையாலேயே திருகி உட்காரவையுங்கள். அலுமினியத்தில் மரை கெட்டுவிட்டால் பிறகு பெரிய வேலை.

அதே அலுமினியம்தான் எஞ்சினைக் குளிரவைக்கும் கூலன்ட் விஷயத்திலும் என்னைக் கண்டிப்பாக்குகிறது. இந்த எஞ்சினின் பிளாக் இரும்பு, தலைப்பகுதி அலுமினியம். ஒரு முறை நன்றாகக் கொதித்துவிட்டால் தலை வளைந்து அதற்கு அடியிலுள்ள கேஸ்கெட் போய்விடும். ஜோகன்னஸ்பர்க் கல்யாணத்துக்குக் குடும்பத்தையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு வான் ரீனன் கணவாயில் ஏறும் பழைய வண்டிக்கு அதுதான் சோதனை. ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் ஊற்றும் பழக்கம் நம்மவர்களிடம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். உள்ளே துருவும் உப்பும் படியும். கூலன்ட்டும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதி கலந்து ஊற்றுகிறேன். ஹோஸ் பைப்புகளை எஞ்சின் ஆறிய பிறகு அமுக்கிப் பார்ப்பேன். கிளிப்புக்குப் பக்கத்தில் உப்பியிருந்தாலோ, அமுக்கும்போது நொறுநொறுவென்று கேட்டாலோ உடனே மாற்றிவிடுவேன். ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டி பழுப்பேறி மயிரிழைக் கீறல் விட்டிருந்தால், நெடும்பயணத்துக்கு முன்பே ரேடியேட்டரை மாற்றுவது நல்லது.

டர்பனின் ஈரக்காற்று பிரேக் ஆயிலுக்கும் ஆகாது. அது ஈரத்தை உறிஞ்சும் திரவம். நீர் சேரச் சேரக் கொதிநிலை இறங்கும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடானால் பெடல் பஞ்சாகிவிடும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுகிறேன். மாமனார் பெடலை மிதிக்க உட்காருவார். “மிதித்துப் பிடியுங்கள் மாமா” என்றதும் சக்கரத்தருகே பழைய திரவம் வெளியேறும் நிப்பிளைத் திறப்பேன். அதை மூடி, “விடுங்கள்” என்று சொன்ன பிறகுதான் அவர் காலை எடுப்பார். இந்த ஒழுங்கு தவறினால் காற்று உள்ளே போய்விடும். கறுத்த திரவம் போய்த் தெளிந்த மஞ்சள் நிறம் வரும்வரை விடுவதில்லை.

எங்கள் பக்கம் முற்றமெல்லாம் சரிவு. ஜாக்கியை மட்டும் நம்பியோ, செங்கல்லை அடுக்கியோ வண்டிக்கு அடியில் போகவே கூடாது. சமதரை, சக்கரத்துக்குக் கட்டை, இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்ட். ஸ்டாண்ட் இல்லாதவர்கள் அன்றைக்கு வேலையைத் தள்ளிப்போடுங்கள். வடித்த பழைய ஆயிலைக் கால்வாயில் ஊற்றுவதும் வேண்டாம். மழை வந்தால் அது உம்லாட்டுசானா ஆற்றுக்குத்தான் போகும். டப்பாவில் பிடித்து, பழைய ஆயில் வாங்கிக்கொள்ளும் இடத்தில் கொடுத்துவிடலாம்.

வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்து ஓடவைக்கும் டைமிங் பெல்ட்டை நம்பிக்கையான மெக்கானிக்கிடம் விட்டுவிடுகிறேன். ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டியது. இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதாது என்பது உண்மைதான். ஆனால் இரவில் என்2 நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோவது சின்ன ஆபத்தல்ல. கிராங்க், கேம் தண்டுகளின் முனையில் ஆயில் கசியாமல் அடைக்கும் சீல்களையும் அப்போதே மாற்றச் சொல்லுங்கள். திரும்ப அவ்வளவையும் பிரிக்க வேண்டியிருக்காது.

தென்னாப்பிரிக்காவில் தனியார் காருக்கு ஆண்டுதோறும் கண்ணாடியில் ஒட்டும் லைசென்ஸ் டிஸ்க்கைப் புதுப்பிக்கும்போது வண்டியை யாரும் சோதிப்பதில்லை. பழைய வண்டிக்குத் தகுதிச் சோதனை பெரும்பாலும் கைமாறும்போதுதான். பத்து ஆண்டு ஒரே கையில் இருக்கும் காரின் பிரேக்கை அதன் சொந்தக்காரர் பார்க்காவிட்டால் வேறு யாரும் பார்க்கப்போவதில்லை. என் பட்டியலில் அடுத்தது பின்சக்கர டிரம் பிரேக். பிரேக் ஷூ தேய்மானத்தையும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடி கசிகிறதா என்பதையும் ஈஸ்டர் விடுமுறைப் பயணத்துக்கு முன் பார்த்துவிட வேண்டும்.