வீட்டு விறகா, போகிற இடத்து விறகா?

கேம்பிங் போக வான் வண்டியில் சாமான் ஏற்றும்போது ஒவ்வொரு கோடையிலும் எங்கள் கூட்டத்தில் இந்தச் சண்டை வரும். கூடாரம், ஐஸ் பெட்டி, புட்டுப்பானை எல்லாம் ஏறியபின் மிஞ்சிய மூலைக்குள் விறகு வைப்பதா, வேண்டாமா? ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பின்வளவு மரத்தை வெட்டி அடுக்கி வைத்திருக்கும் அண்ணை ஒருவர் எப்போதும் இருப்பார். "காசு குடுத்து விறகு வாங்கிற ஆக்களே நாங்கள்?" என்பார்.

அவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. வீட்டு விறகு சும்மா கிடைக்கிறது, நன்றாகக் காய்ந்தும் இருக்கும். ஆஷ் (ash) மரம் என்றால் கேட்கவே வேண்டாம், அரைகுறையாகக் காய்ந்தாலும் பிடித்து எரியும். சிக்கல் என்னவென்றால், ரொறன்ரோவில் ஒரு வளவு ஆஷ் மரம் பட்டுப்போனால் பெரும்பாலும் அதற்குக் காரணம் எமரால்ட் ஆஷ் போரர் என்கிற பச்சை வண்டுதான். ஆசியாவிலிருந்து வந்த இந்த வண்டை 2002இல் அமெரிக்காவின் டிட்ரொயிட் பக்கத்தில் கண்டுபிடித்தார்கள். அதே வருடம் டிட்ரொயிட் ஆற்றுக்கு இந்தக் கரையில், கனடாவின் வின்ட்சரிலும் கண்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு நாட்டிலுமாகச் செத்த ஆஷ் மரங்கள் கோடிக்கணக்கில்.

அண்ணை கொண்டுவந்த ஒரு கட்டையின் பட்டையை ஒருமுறை கத்தியால் நெம்பிப் பார்த்தேன். உள்ளே பாம்பு ஊர்ந்த தடம்போல வளைந்து வளைந்து போகும் பள்ளம், அது நிறைய இறுக்கிய மரத்தூள். சத்து ஓடுகிற வழியையே புழு தின்று அறுத்திருந்தது. பட்டையின் வெளியே அரைவட்டமாக ஒரு துளை, அரிசிமணியைவிடச் சின்னது. அது வண்டு வெளியே போன வாசல். அந்த வாசலால் ஒன்று போய்விட்டது. இன்னும் வாசல் திறக்காமல் உள்ளே இருக்கக்கூடியவைதான் எனக்குப் பயம்.

"காஞ்ச கட்டைக்குள்ள என்ன உயிர் இருக்கும்?" என்றார். இருக்கும். மரத்தை வெட்டிய பிறகும், இரண்டு வருடம் வரைகூட, வண்டு வெளியே வரலாம். அது வெளிவரும் காலமும் நாங்கள் கூடாரம் அடிக்கிற ஜூன், ஜூலைதான். வண்டு தானாகப் பறந்தால் வருடத்துக்குச் சில கிலோமீட்டர் போகும். ஆனால் 2016இல் தண்டர் பேயில் கண்ட வண்டை 2017இல் வின்னிபெக்கில் கண்டார்கள். இடையில் ஏறத்தாழ 700 கிலோமீட்டர். யாரோ மரத்தோடு ஏற்றிக்கொண்டு போகாமல் அது எப்படிப் போயிருக்கும்?

போகிற இடத்தில் வாங்கும் விறகுக்கும் குறை உண்டு. காசு போகும். பூங்கா வாசலில் விற்கிற பை சிலவேளை ஈரமாக இருந்து, தேத்தண்ணி கொதிப்பதற்குள் கண்ணெல்லாம் எரியும். நான் பையை வாங்கியதும் இரண்டு கட்டையைத் தட்டிப் பார்ப்பேன். காய்ந்தது கணீரென்று கேட்கும், ஈரமானது மொத்தென்று கேட்கும். ஈரம் கூட என்றால் பண்ணை வாசலில் விற்பவர்களிடம் போவேன். கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: "எங்கே வெட்டினது?" பக்கத்து ஊரில் விற்பதாலேயே அது பக்கத்து ஊர் விறகாகிவிடாது. இத்தனை குறை இருந்தாலும், அந்த இடத்தில் ஏற்கெனவே இருக்கிற பூச்சியை அந்த இடத்திலேயே எரிப்பதால் புதிதாக எதுவும் பரவாது. எனக்கு அதுவே போதும்.

சூடேற்றிப் பொதிசெய்த விறகு மூன்றாவது வழி. விலை கூட. ஆனால் தூரம் போகிறவர்கள் விறகைக் கொண்டுதான் போகவேண்டும் என்றால் இதைத் தவிர வேறில்லை. நியூயோர்க் மாநிலத்தில் பக்குவப்படுத்தாத விறகை 50 மைலுக்கு மேல் கொண்டுபோகக் கூடாது. பக்குவம் என்பது குறைந்தது 71 பாகை செல்சியஸில் 75 நிமிடம். வெறுமனே 'உலர்ந்தது' என்று எழுதியிருந்தால் நம்பவேண்டாம். உலர்த்துவது வேறு, உள்ளே இருப்பதைக் கொல்லும் அளவுக்குச் சூடேற்றுவது வேறு. பொதியில் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

எரிவாயு அடுப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சமையலுக்கு அதுதான் வசதி, தீத்தடை போட்ட நாளில் பெரும்பாலும் அது ஒன்றுதான் வழி. இரவில் சுற்றியிருந்து கதைக்க அடுப்பு உதவாது, அவ்வளவுதான். கூடாரத்தைச் சுற்றிச் சுள்ளி பொறுக்கலாமே என்பவர்களுக்கு: ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களின் கேம்பிங் திடல்களில் அதற்கு அனுமதியில்லை.

அண்ணை இப்போது கட்டைகளைத் தன் பின்வளவு அடுப்பிலேயே எரிக்கிறார். போன தடவை திரும்பும்போது அரைப் பை விறகு மிஞ்சியது. "இதையாவது வீட்டை கொண்டுபோவமே?" என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.