லூயிஸியா: ஆறு வருஷம், நாலு சாவு

மலைப்பூச்செடி வளர்க்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அன்று காலையில்தான் லூயிஸியா என்ற மலைப்பூச்செடியில் நாலாவதையும் தூக்கிப் போட்டிருந்தேன். அதனால் பதில் கொஞ்சம் காட்டமாகத்தான் வரும்.

பிடுங்கக்கூட வேண்டியிருக்கவில்லை, தொட்டதும் கையோடு வந்துவிட்டது. மேலே இலைகள் பச்சைப்பசேல் என்று இருக்கின்றன. கீழே கழுத்து, அதாவது இலைக்கொத்தும் வேரும் சேரும் இடம் மட்டும் பழுப்பேறி, ஊறிய அட்டை போலக் கொழகொழத்துவிட்டது. வேர் அப்படியே மண்ணுக்குள் நின்றுவிட்டது.

குளிர்தான் காரணம் என்று நினைக்காதீர்கள். குளிரை இது மதிப்பதே இல்லை. மலையில் பனி மூடிக் கிடக்கும் மாதங்களில் செடி அதனடியில் நனையாமல் உறங்கும். தொட்டியிலோ வாரக்கணக்கில் தூறல். பாதிக்குப் பாதி பருமணல் கலந்தேன், கழுத்தைச் சுற்றி இரண்டு சென்டிமீட்டர் சரளை போட்டேன். ஆனாலும் இலைக்கொத்தின் நடுவில் நீர் தேங்கியது.

நியாயமாகச் சொன்னால் தப்பு என்னுடையது. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் வடக்கிலும் ஓரிகானின் தெற்கிலும் பாறை இடுக்கில் சாய்ந்து வளரும் செடியை நான் நேராக நட்டுவைத்தேன். ஐந்தாவதை இரண்டு கல்லுக்கு நடுவே பக்கவாட்டில் படுக்கவைத்து நட்டேன். இரண்டு குளிர்காலம் தாண்டிவிட்டது. இந்த வருஷம் ரோஸ் நிறத்தில் கோடு போட்ட பூக்கள் கொத்துக் கொத்தாக வந்தன. அதைப் பார்த்துத்தான் மற்றவற்றின் மேல் இன்னும் கோபம்.

நான் வளர்க்கும் இன்னொரு மலைச்செடியான சாக்ஸிஃப்ரேஜ் வேறு ஜாதி. அதன் இலை விளிம்பில் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. ஏதோ பூச்சி என்று பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் ஒரு மணி நேரம் தேய்த்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அது சுண்ணாம்பு. விளிம்புத் துளைகளில் கசியும் நீர் காய்ந்ததும் தங்கிவிடுவது. இப்போது லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிடுகிறேன்.

அந்த சாக்ஸிஃப்ரேஜில் பிரான்ஸ்-ஸ்பெயின் எல்லையிலுள்ள பைரனீஸ் மலைக்காரி ஒருத்தி உண்டு, லாங்கிஃபோலியா. பல வருஷம் ஒற்றைக் கொத்தாகவே இருந்துவிட்டு, ஒரே தரம் நூற்றுக்கணக்கில் வெள்ளைப்பூ பூத்துச் செத்துப்போவாள். அந்தச் சாவில் எனக்கு வருத்தமில்லை, சொல்லிவிட்டுத்தான் போகிறாள்.

சரி, நண்பருக்கு என்ன சொன்னேன்? வாங்காதீர்கள் என்றுதான். மீறி வாங்கினால் லூயிஸியாவை மட்டும் படுக்கவைத்து நடுங்கள்.