தறிச் சத்தத்துக்கு நடுவே கிட்டார்ப் பதிவு: ஸ்கார்லெட் சோலோ மூன்றாம் தலைமுறை

சேலத்தில் எலக்ட்ரிக் கிட்டார் கற்கத் தொடங்கியவர்கள், வாசித்ததை வீட்டிலேயே பதிவு செய்ய நினைத்தவுடன் பெரும்பாலும் மைக்கைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். நான் விசாரித்த கடையிலும் ஒரு கண்டென்சர் மைக், அதற்கொரு ஸ்டாண்ட், சுவரில் ஒட்ட நுரைப்பஞ்சு என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. அம்மாப்பேட்டை, குகை, கொண்டலாம்பட்டி பக்கம் குடியிருப்பவர்களுக்கு அந்தப் பட்டியலால் பெரிய பயன் இல்லை. நுரைப்பஞ்சு அறைக்குள் எழும் எதிரொலியைக் குறைக்குமே தவிர, பக்கத்து வீட்டு விசைத்தறியின் சத்தத்தை உள்ளே வராமல் தடுக்காது. கண்டென்சர் மைக்கோ அந்தச் சத்தத்தைத் தேடிப் பிடித்துத் தரும். எலக்ட்ரிக் கிட்டாருக்கு மைக்கே வேண்டியதில்லை என்பதுதான் இங்கு நமக்குக் கிடைத்திருக்கும் பெரிய வசதி. கம்பியின் அதிர்வைப் பிக்கப் நேரடியாக மின்சாரமாக மாற்றிவிடுகிறது. அந்த மின்சாரத்தைக் கணினிக்குள் கொண்டுசேர்க்க ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் போதும்.

அந்த வேலைக்கு நான் பயன்படுத்தி வருவது ஃபோகஸ்ரைட் நிறுவனத்தின் ஸ்கார்லெட் சோலோ, மூன்றாம் தலைமுறை. 2019இல் வந்த பெட்டி இது. 2023இல் நான்காம் தலைமுறை வந்துவிட்டதால், இப்போது பழைய இருப்பாகவோ, ஒருவர் பயன்படுத்திய பொருளாகவோதான் கிடைக்கும். சிவப்பு நிற உலோக உறை. முன்பக்கம் ஒரு மைக் உள்ளீடும், கிட்டார் கேபிளைச் செருக ஒரு ஜாக்கும் இருக்கின்றன. தனி அடாப்டர் கிடையாது. லேப்டாப்பிலிருந்து யூஎஸ்பி வழியாகவே மின்சாரம் எடுத்துக்கொள்வதால், பதிவின் நடுவே மின்தடை வந்தாலும் லேப்டாப்பின் பேட்டரி இருக்கும் வரை வேலை நிற்காது. 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரை பதிவு செய்யும் என்று விளம்பரத்தில் பெரிதாகப் போடுகிறார்கள். தொடக்க நிலையில் 48 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போக எந்தத் தேவையும் இல்லை.

இந்தப் பெட்டிக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி, என்னைப் பொறுத்தவரை, கிட்டார் ஜாக்கின் பக்கத்தில் உள்ள ‘இன்ஸ்ட்’ பொத்தானுக்குத்தான். சாதாரண பிக்கப் மிக மெல்லிய சமிக்ஞையையே தரும். அதை வாங்கிக்கொள்ளும் உள்ளீட்டின் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) ஏறத்தாழ ஒரு மெகா ஓம் அளவுக்கு உயர்வாக இருக்க வேண்டும். லேப்டாப்பின் மைக் துளையிலோ, கீபோர்டுக்கான லைன் உள்ளீட்டிலோ கிட்டாரைச் செருகினால், பிக்கப் அந்தச் சுமையைத் தாங்க முடியாமல் மேல்ஸ்தாயி ஒலிகளை இழந்துவிடுகிறது. மெல்லிய கம்பிகள் கம்பளிக்குள்ளிருந்து கேட்பதுபோல மங்கலாக ஒலிக்கும். பொத்தானை அமுக்கியவுடன் உள்ளீட்டின் மின்மறுப்பு உயர்ந்து, பிளெக்ட்ரம் கம்பியில் உரசும் சிறு சத்தம்கூடத் தெளிவாகக் கேட்கிறது. சமிக்ஞையின் அளவைக் கூட்டிக் குறைக்கும் கெயின் குமிழைச் சுற்றியுள்ள விளக்கு வளையம் சமிக்ஞை வந்தால் பச்சையாகவும், அளவு மீறினால் சிவப்பாகவும் ஒளிரும். எவ்வளவு பலமாக வாசிப்போமோ அவ்வளவு பலமாக பல கம்பிகளைச் சேர்த்து மீட்டும் ஒரு கார்டை இழுத்துப் பார்த்து, கணினித் திரையில் உச்ச அளவு மைனஸ் 12 டெசிபெல் அருகே நிற்கும்படி குமிழை வைத்துவிட்டால் பிறகு தொட வேண்டியதில்லை. அதிக வெளியீடு தரும் ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) பிக்கப் என்றால் குமிழ் கிட்டத்தட்டக் கீழ் எல்லையிலேயே இருக்கும். ‘ஏர்’ என்ற பொத்தான் மைக்குக்கானது, அதை மறந்துவிடலாம்.

தறிச் சத்தம் ஒழிந்தாலும் இன்னொரு இரைச்சல் காத்திருக்கிறது, அது காற்றில் வருவதில்லை. ஒரே சுருள் கொண்ட சிங்கிள் காயில் பிக்கப், கம்பியின் அதிர்வைப் பிடிப்பதுபோலவே சுற்றியுள்ள மின்காந்தப் புலத்தையும் பிடிக்கும். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், அந்த எண்ணிலும் அதன் மடங்குகளிலும் ஒரு ரீங்காரம் கூடவே ஒலித்துக்கொண்டிருக்கும். இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து அந்த ரீங்காரம் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்படி செய்ததுதான் ஹம்பக்கர். கிப்சன் நிறுவனத்தில் இருந்த சேத் லவர் 1955இல் அதற்குக் காப்புரிமை கோரினார். உங்கள் கிட்டார் சிங்கிள் காயில் வகையாக இருந்தால், நாற்காலியில் அமர்ந்தபடியே மெல்லத் திரும்பிப் பாருங்கள்: ஏதோ ஒரு திசையில் ரீங்காரம் சட்டென்று அடங்கும். அந்தத் திசையில் நாற்காலியைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பேட்டரியில் ஓட்டினால் இன்னும் குறையும். சைன் அலை தராத பழைய வகை இன்வெர்ட்டரில் வீடு ஓடும் நேரத்தில் பதிவு செய்வதை ஒத்திப்போடுவது நல்லது.

சேலத்து வெயிலில் மின்விசிறியை நிறுத்திவிட்டு வாசிக்க யாராலும் முடியாது. அதன் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் இரண்டிலோ மூன்றிலோ நின்றால், மின்னோட்டத்தை அது நறுக்கி நறுக்கி அனுப்புவதால் பிக்கப்பில் ஈ மொய்ப்பது போன்ற கரகரப்பு வரும். முழு வேகத்தில் வைத்தால் பெரும்பாலும் போய்விடும். மைக் இல்லாத பதிவு என்பதால் விசிறி எவ்வளவு காற்றிரைச்சல் செய்தாலும் அது ஒலிக்கோப்பில் ஏறாது. ஆகவே தயங்காமல் ஐந்தில் வையுங்கள்.

பெட்டி தரும் ஒலி வெறும் கிட்டார் ஒலி. ஆம்ப்பின் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டியின்) குணம் அதில் இராது. அதைக் கணினியில்தான் சேர்க்க வேண்டும். ஆம்ப்பின் ஒலியைப் போலச் செய்யும் நியூரல் ஆம்ப் மாடலர் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது; பதிவு மென்பொருளாக ரீப்பரை 60 நாள் சோதனையாகப் பயன்படுத்திவிட்டுப் பிறகு உரிமம் வாங்கலாம்; மேக் வைத்திருப்பவர்களுக்கு காரேஜ்பேண்டே போதும். விண்டோஸில் மட்டும், தாமதத்தைக் குறைக்கும் ஃபோகஸ்ரைட் நிறுவனத்தின் சொந்த ஏஎஸ்ஐஓ டிரைவரை நிறுவியாக வேண்டும், இல்லையேல் கம்பியைத் தட்டிய பிறகு ஒலி வந்துசேரத் தாமதமாகும். கணினி ஒலியைச் சேர்த்துவைத்துக் கையாளும் பஃபரை 128 மாதிரிகள் என்று வைத்தால், 48 கிலோஹெர்ட்ஸில் அது 2.7 மில்லி விநாடி. போய்வரும் இரு திசைகளையும் டிரைவரின் பங்கையும் சேர்த்தாலும் தாளம் தடுமாறாத அளவுதான். ஒலி காற்றில் ஒரு மில்லி விநாடியில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் செல்கிறது. மேடையில் ஆம்ப்பிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நிற்பவருக்கும் ஒன்பது மில்லி விநாடித் தாமதம் உண்டு. இங்கே ஒரு எச்சரிக்கை: ஆம்ப் மென்பொருளைக் கேட்டபடி வாசிக்கும்போது, கிட்டாரின் வெறும் ஒலியைக் கணினி வழியாகப் போகாமலே நேரே கேட்க வைக்கும் ‘டைரக்ட் மானிட்டர்’ பொத்தானை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் வெறும் ஒலியும் மென்பொருளின் ஒலியும் சற்றே முன்பின்னாகச் சேர்ந்து ஒலித்து, கிட்டாரே கெட்டுவிட்டதோ என்ற சந்தேகத்தைக் கிளப்பும்.

ஏற்காட்டில் கதை வேறு. மேலே தறிகள் கிடையாது. எஸ்டேட் வீடுகளில் ஆம்ப்பை ஓரளவு சத்தமாகவே வைத்து, முன்னால் ஷூர் எஸ்எம்57 போன்ற டைனமிக் மைக்கை நிறுத்திப் பதிவு செய்ய முடிகிறது. சோலோவின் மைக் உள்ளீடு அதற்கும் போதுமானதாக இருந்தது. மைக்கை ஆம்ப்பின் ஸ்பீக்கர் கூம்பின் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நகர்த்தினால், கூர்மை குறைந்து ஒலி தடிமனாவதைக் கேட்கலாம். ஆனால் மூடுபனிக் காலத்து ஈரத்தில் கம்பிகள் விரைவாகத் துருப்பிடிக்கின்றன. வாசித்து முடித்ததும் துடைத்து வைக்கும் பழக்கம் அங்கே கட்டாயம்.

குறை என்று சொன்னால், கிட்டாருக்கு ஒரே ஒரு ஜாக்தான். இருவர் சேர்ந்து வாசிப்பவர்கள், அல்லது பின்னால் பேஸ் கிட்டாரையும் ஒரே நேரத்தில் பதிவு செய்ய எண்ணுபவர்கள், கூடுதல் பணம் கொடுத்து, அதே வரிசையில் இரண்டு உள்ளீடுகள் கொண்ட 2ஐ2 வாங்குவதே சரி. மின்னணு கீபோர்டு போன்றவற்றை இணைக்கும் மிடி துளையும் கிடையாது. விளக்கு வளையத்தை வைத்து அளவைத் துல்லியமாகக் கணிக்க இயலாது, திரையைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். நான்காம் தலைமுறை சோலோவில் மைக் இணைப்பைப் பின்பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருக்கும் சிறிய அறையில் அது எனக்கு வசதியாகத் தெரியவில்லை. கிட்டார் மட்டும் பதிவு செய்பவருக்கு, பழையதே நல்ல நிலையில் மலிவாகக் கிடைத்தால் புதியதற்குப் போக வேண்டிய கட்டாயம் இல்லை என்பது என் கருத்து.

பயன்படுத்தியதை வாங்கும்போது யூஎஸ்பி-சி துளையில் கேபிளைச் செருகி லேசாக ஆட்டிப் பாருங்கள். இணைப்பு விட்டு விட்டு வந்தால் வாங்காதீர்கள். கிட்டார் ஜாக்கில் கேபிள் தொளதொளவென்று இருக்கிறதா, கெயின் குமிழைத் திருப்பும்போது கரகரக்கிறதா என்பதையும் ஹெட்ஃபோனில் கேட்டு முடிவு செய்யுங்கள். உடன் வரும் மென்பொருள்களை முதல் உரிமையாளர் ஏற்கெனவே தம் பெயரில் பதிவு செய்திருக்கக்கூடும் என்பதால், அவற்றையும் கணக்கில் சேர்த்து யாராவது விலை சொன்னால் குறைத்துக் கேளுங்கள்.