அத்தைக்காக வாங்கிய ரெக்கார்டர்

கையில் போன் இருக்க, தனியாக ஒரு வாய்ஸ் ரெக்கார்டர் எதற்கு என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். நானும் முதலில் போனில்தான் அத்தையைப் பேசவைத்துப் பதிவு செய்தேன். கதை சூடுபிடித்த நேரம் பார்த்து யாரோ கூப்பிட்டார்கள். பதிவு நின்றது, அத்தையும் நிறுத்திவிட்டார். மறுநாளே இதை வாங்கினேன்.

உள்ளங்கையில் அடங்கும். மேலே இரண்டு மைக், உள்ளே இரண்டு ஏஏ பேட்டரி, ஒரு மெமரி கார்டு. குரலின் தெளிவில் குறையே இல்லை. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில், ஒலியைச் சுருக்காத வேவ் ஃபைலாக எடுத்தால் ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி ஆகும். இடம் மிச்சமாகும் என்று எம்பி3 பக்கம் போகாதீர்கள். சுருக்கும்போது கழித்துப்போட்ட ஒலி திரும்ப வராது.

என் சண்டையெல்லாம் ஆட்டோ லெவலோடுதான், அதாவது பதிவாகும் ஒலியளவைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதியோடு. தாத்தாவின் சைக்கிளை ராத்திரியில் திருட்டுத்தனமாக எடுத்து ஓட்டக் கற்றதை அத்தை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் முழங்கால் தழும்பு எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். படியில் வழுக்கியது என்றுதான் இத்தனை நாளும் சொல்லியிருந்தார். “யார் அத்தை கத்துக்குடுத்தாங்க?” என்றேன். ஒன்பது வினாடி பேச்சில்லை. சத்தம் குறைந்துவிட்டதே என்று இந்தக் கருவி தானாக லெவலை ஏற்ற, மின்விசிறி புயலாக இரைகிறது. அவர் வாய் திறந்ததும் அடங்குகிறது. எனக்கு வேண்டியதே அந்த ஒன்பது வினாடிதான். ஆட்டோ லெவலை அணைக்கும் வழியை மெனுவுக்குள் எங்கோ புதைத்து வைத்திருக்கிறார்கள். வாங்கியதும் முதல் வேலையாக அதைத் தேடிப்பிடித்து அணையுங்கள்.

சிவப்பு விளக்கு எரிந்தால் அத்தை செய்தி வாசிப்பவர் மாதிரி பேச ஆரம்பித்துவிடுவார். அதன்மேல் கைக்குட்டை போட்டேன், சரியாகிவிட்டது.

2003இல் நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் பதிவுச் சாவடி திறந்த ஸ்டோரிகார்ப்ஸ் என்ற, சாதாரண மக்களின் கதைகளைப் பதிவு செய்யும் அமைப்பு, ஓர் உரையாடலுக்கு 40 நிமிடம் என்று வைத்திருந்தது. அத்தையிடம் அந்தக் கணக்கு எடுபடவில்லை. 40 நிமிடத்தில் அவர் கண்ணாடியைத் துடைத்து முடித்திருப்பார்.

ஐந்து மாதத்தில் பதினோரு பதிவுகள். மூன்று இடங்களில் நகல் வைத்திருக்கிறேன். சைக்கிள் கதையைப் போட்டுக் காட்டியதும் அத்தை முகத்தைச் சுளித்தார். “ஒரு இடத்துல பொய் சொல்லிட்டேன். நாளைக்கு அதை எடுத்துட்டு வா.”

பேட்டரி மாற்றியாயிற்று.