கட்டட அனுமதி எடுத்துத் தரும் வரைபட அலுவலகம்: ஒரு மதிப்பீடு

வீட்டு வரைபடம் கீறி, பிரதேச சபையில் அனுமதியும் பெற்றுத்தரும் கொக்குவில் அலுவலகமொன்றின் வேலையில் குறை சொல்ல எதுவுமில்லை. காணி உறுதி, நில அளவைப் படம், வீதிக்கோட்டுச் சான்றிதழ் (வீதிக்காக ஒதுக்கிய எல்லையைக் காட்டுவது) ஆகியவற்றை ஒழுங்காக அடுக்கி, மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையிலான தூரத்தைச் சிவப்பு மையால் குறித்தே கையளித்தார்கள். சுண்ணக்கல் நிலத்தினூடாகக் கழிவு இலகுவில் கிணற்றை எட்டிவிடும் யாழ்ப்பாணத்தில் அந்தத் தூர விதி கட்டாயம் இருக்கவேண்டியது. ஆனால் கட்டட அனுமதியைப் பற்றிய இரு சட்டங்களான 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்துக்கும் 1978ஆம் ஆண்டின் நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டத்துக்கும் நடுவே, ஒரே படத்தின் பிரதிகளைப் பல மேசைகளுக்குச் சுமக்கவேண்டியிருப்பதாலேயே இத்தகைய அலுவலகங்கள் பிழைக்கின்றன (அவர்களே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார்கள்). சிறிய வீடுகளுக்கேனும் படிவங்களைக் குறைத்தால் அலுவலகத்துக்குக் கொடுக்கும் பணம் சீமெந்துக்குப் போகும். கட்டணம் சற்று அதிகம். குடிபுகு சான்றிதழுக்குத் (கட்டி முடித்த வீட்டில் குடியேறச் சபை தருவது) தனியாக அறவிடுவதால், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.