பெர்சியஸ் மின்னூலகம்: படிக்கப் போதும், பாடம் ஆராயப் போதாது

பாஸ்டனை அடுத்த டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் கிரெகரி கிரேன் தலைமையில் வளர்ந்த பெர்சியஸ் மின்னூலகம், பழங்கிரேக்க, இலத்தீன் நூல்களைக் கட்டணமின்றிப் படிக்கத் தரும் இணையச் சேவையாகும். 1992இல் குறுந்தகடாக வெளிவந்து, 1995இல் இணையத்துக்கு வந்தது. பழைய நூல்களையும் அவற்றின் மொழியையும் ஆராயும் ஃபிலாலஜி என்னும் துறைக்குள் எவையெல்லாம் அடங்கும் என்று கேட்பவருக்கு, இந்தத் தளத்தையே திறந்து காட்டிவிடலாம். அது தருபவற்றில் துறையின் பரப்பு தெரியும். அது விட்டுவிட்டதில் துறையின் உயிர்நாடி எங்கே இருக்கிறது என்பது தெரியும்.

ஹோமரின் கிரேக்கக் காப்பியமான இலியத்தைத் திறந்து முதற்சொல்லான ‘மீனின்’ என்பதைச் சொடுக்கினால், அது சினத்தைக் குறிக்கும் பெண்பாற்பெயர், ஒருமை, செயப்படுபொருள் வேற்றுமை என்ற பகுப்பு வருகிறது. அதன் கீழே லிடல்–ஸ்காட் கிரேக்கப் பேரகராதியின் பதிவும், அப்பதிவில் மேற்கோளாக வரும் பிற நூல்களின் அடிகளுக்குச் செல்லும் இணைப்புகளும் கிடைக்கின்றன. ஒரே சொல்வடிவத்துக்கு இரண்டு மூன்று பகுப்புகள் பொருந்தும் இடங்களில் எது சரி என்று பயனர்களே வாக்களிக்கலாம். இலக்கணத்தைப் பெரும்பான்மை தீர்மானிப்பது சற்று வேடிக்கைதான் என்றாலும், தொடக்கநிலை மாணவருக்கு அந்த வாக்குகளும் ஓரளவு துணை செய்யும். ஸ்மித்தின் கிரேக்க இலக்கணம் முழுமையாக உள்ளது. குவளை ஓவியங்கள், நாணயங்கள், அகழ்விடங்கள் பற்றிய பதிவுகளும் உண்டு. மொழி, வரலாறு, கலை ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கற்றாலன்றிப் பழைய நூல் விளங்காது என்று 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய அறிஞர் வோல்ஃப் வகுத்த பரந்த பொருளில், இது ஃபிலாலஜிக்கான நூலகமே.

குறை நூற்பாடத்தில் இருக்கிறது. இலியத்துக்குப் பெர்சியஸ் எடுத்துக்கொண்டது 1920ஆம் ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டுப் பதிப்பு. அச்சு நூலின் ஒவ்வொரு பக்கத்திலும் அடியில் உள்ள, சுவடிக்குச் சுவடி சொல் வேறுபடுவதைக் காட்டும் பாடபேதக் குறிப்புகளைத் தளத்தில் காணோம். இதனால் விளையும் இழப்பை அறிய வெகுதூரம் போக வேண்டியதில்லை. முதற்பாட்டின் ஐந்தாம் அடியே போதும். காப்பியத் தலைவன் அக்கிலீஸின் சினம் வீரர்களின் உடல்களை நாய்களுக்கு இரையாக்கியது என்று கூறும் இடத்தில், நமக்குக் கிடைத்த சுவடிகள் ‘எல்லாப் பறவைகளுக்கும்’ என்று தொடர்கின்றன. கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த கிரேக்க எழுத்தாளர் அத்தெனேயுஸோ, அலெக்சாந்திரியா நூலகத்தில் ஹோமரைப் பதிப்பித்த ஸெனோடோட்டஸ் இதே இடத்தில் ‘பறவைகளுக்கு விருந்தாகவும்’ என்று பாடம் கொண்டதாகக் குறிப்பிடுகிறார். ஸெனோடோட்டஸ் கி.மு. 3ஆம் நூற்றாண்டினர், அவருக்கும் முந்திய ஐஸ்கிலஸின் நாடகமொன்றில் நாய்களுக்கு இரை, பறவைகளுக்கு உணவு என்ற இணை வருவதால், ‘விருந்து’ என்ற பாடம் பழமையானதாக இருக்கலாம் என்று வாதிடுவோர் உண்டு. எல்லாப் பறவைகளும் பிணம் தின்பதில்லையே என்று கருதி யாரோ பிற்காலத்தில் திருத்தியது அது என்று மறுப்போரும் உண்டு. எந்தப் பக்கம் சாய்ந்தாலும், இந்த வழக்கை நடத்துவதுதான் துறையின் மையப்பணி. பெர்சியஸின் திரையிலோ அந்த அடி, வழக்கே இல்லாதது போல, ‘எல்லா’ என்று சலனமின்றி நிற்கிறது.

தமிழ் வாசகருக்கு இக்குறை உடனே புலப்படும். உ.வே.சாமிநாதையரின் பதிப்புகளில் பிரதிபேதங்களை அடிக்குறிப்பில் கண்டு பழகியவர்கள், பின்னாளில் வந்த மலிவுப் பதிப்புகளில் அவை உதிர்ந்துபோனதையும் கண்டிருக்கிறார்கள். இணையத்தில் சங்கப் பாடல்களைத் தேடுபவருக்கும் பெரும்பாலும் பேதம் நீங்கிய வெறும் பாடமே கிடைக்கிறது. சொல்லைச் சொடுக்கினால் பகுப்பு வரும் வசதியைப் பெர்சியஸிடம் கற்கலாம். அடிக்குறிப்பை உதறும் வழக்கத்தைக் கற்க வேண்டாம்.

ஆகவே கிரேக்கம் பயில்பவருக்கு இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்பவர், வெனிஸ் நகரின் மார்ச்சியானா நூலகத்தில் உள்ள 10ஆம் நூற்றாண்டு இலியத் சுவடியின் படங்களையும் பக்கத்தில் திறந்துவைத்துக்கொள்ள வேண்டும். ‘ஹோமர் மல்டிடெக்ஸ்ட்’ திட்டம் அவற்றை இணையத்தில் வெளியிட்டுள்ளது. பாட்டைச் சுற்றிலும் நெருக்கி எழுதப்பட்ட பழைய உரையாசிரியர் குறிப்புகளை அதில் காணலாம்.

இலியத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1924ஆம் ஆண்டினது, நடை பழசு. இலத்தீனுக்கு உள்ள லூயிஸ்–ஷார்ட் அகராதி 1879ஆம் ஆண்டினது, ஆனாலும் பயன்படும். 2018இல் வந்த ஸ்கைஃப் என்னும் புதிய வாசிப்புத் தளம் கண்ணுக்கு இதமாக இருக்கிறது. பழைய தளத்தின் சொற்பகுப்புக்குக் கைபழகியவர்கள் இரண்டையும் வைத்துக்கொள்வது நல்லது.