பாலின வரவு செலவுப் பயிற்சி: மூன்று நாட்களில் ஒரு நாள் தேறியது

திட்டம் தீட்டும் அரசு அலுவலர்களுக்கென நடத்தப்பட்ட மூன்று நாள் பாலின வரவு செலவுப் பயிற்சியில் அண்மையில் கலந்துகொண்டேன். அரசின் செலவு பெண்களையும் ஆண்களையும் எப்படி வெவ்வேறாகச் சென்றடைகிறது என்று பார்த்துத் திட்டமிடுவதே பாலின வரவு செலவு. முதல் நாள் முழுவதும் வரலாற்றுக்கும் வரையறைக்குமே போயிற்று. 1980களில் ஆஸ்திரேலியாவில் இம்முறை தொடங்கியதையும், 2005-06 முதல் நம் ஒன்றிய அரசு நிதிநிலை அறிக்கையோடு பாலின அறிக்கையை வெளியிட்டுவருவதையும் ஒரு மணி நேரத்தில் சொல்லி முடித்திருக்கலாம்.

முழுத் தொகையும் மகளிருக்கே உரிய திட்டங்கள் அவ்வறிக்கையின் முதற்பகுதியிலும், 30 விழுக்காட்டுக்குக் குறையாமல் அவர்களுக்குச் செல்பவை இரண்டாம் பகுதியிலும் இடம்பெறுகின்றன. குடும்பம் முழுவதும் குடியிருக்கும் வீட்டுக்கான ஊரக வீட்டுவசதித் திட்டம் எப்படி முதற்பகுதியில் வந்தது என்று ஒருவர் கேட்டதற்கு, படிவம் அப்படித்தான் இருக்கிறது என்பதே பதிலாகக் கிடைத்தது. விழுக்காட்டுக் கட்டத்தை நிரப்புவதே வேலை என்ற எண்ணத்தோடு பலர் அன்று அறைக்குத் திரும்பினர்.

இரண்டாம் நாளுக்காகவே இப்பயிற்சியைப் பரிந்துரைக்கிறேன். பேருந்து நிலையக் கழிப்பறை ஒன்றின் வரைபடத்தையும் செலவு மதிப்பீட்டையும் குழுக்களிடம் கொடுத்தார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் சம பரப்பு ஒதுக்கப்பட்டிருந்ததால் முதலில் எவருக்கும் குறை தென்படவில்லை. ஆனால் அதே பரப்பில் நின்றபடி பயன்படுத்தும் சிறுநீர்க் கோப்பைகள் அமைவதால் ஆண்கள் பக்கம் ஒரே நேரத்தில் அதிகம் பேர் பயன்படுத்த முடியும் என்பதையும், உடை, மாதவிடாய், கையில் குழந்தை ஆகிய காரணங்களால் பெண் ஒருவருக்குக் கூடுதல் நேரம் ஆகும் என்பதையும் கணக்கில் சேர்த்தபோது, அந்தச் சம பரப்பே பெண்கள் பக்கத்தில் நீண்ட வரிசையாக மாறியது. எங்கள் குழுவிலிருந்த பொறியாளர் யாரும் கேட்காமலேயே வரைபடத்தைத் திருத்தி வரையத் தொடங்கினார்.

மூன்றாம் நாள் தரவு பற்றியது. உரையில் பொருள் குறைவு. 2021 முதல் தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குத் தரப்படும் கட்டணமில்லாப் பயணச்சீட்டு, பெண்கள் எத்தனை முறை பயணம் செய்கிறார்கள் என்ற கணக்கைத் தானாகவே தருகிறது. இவ்வளவு பொருத்தமான சான்றைப் பயிற்றுநர்கள் தொடவே இல்லை. மாலை ஆறரை வரை நீண்ட வகுப்புகளில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள எந்த ஏற்பாடும் இல்லாததால், கடைசி அமர்வுக்குப் பெண் அலுவலர்கள் சிலர் இருக்கவில்லை. பாலினப் பயிற்சியில் இது உறுத்தலாகவே இருந்தது.

கையேடு ஆங்கிலத்தில் மட்டுமே கிடைக்கிறது. செல்பவர்கள் தம் துறைக்கான நிதியைச் சட்டமன்றத்தில் கோரும் மானியக் கோரிக்கைப் புத்தகத்தையும், நடப்பிலுள்ள மதிப்பீடு ஒன்றையும் உடன் கொண்டுபோனால், இரண்டாம் நாள் பயிற்சியைத் தம் வேலையிலேயே செய்து பார்த்துவிடலாம்.